இளநரையும் வழுக்கையும்: மருந்து தேடிய வரலாறு

தமிழில் ‘முடி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மன்னர் தலையில் சூடுவதும் முடி. மாந்தர் தலையில் வளர்வதும் முடி. முதல் முடியை இழந்த மன்னர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இரண்டாவது முடியை இழந்து வருந்தியவர்களைப் பற்றியும், அதனைக் காப்பதற்கு மனித இனம் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகச் செய்துவரும் முயற்சிகளைப் பற்றியும் பேசுவோர் சிலரே. அதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

இளைஞர்களே, இது வேடிக்கைப் பொருள் என்று எண்ணிவிட வேண்டா. இருபது வயதிலேயே சீப்பில் கொத்தாக முடி வருவதைக் கண்டும், காதோரத்தில் ஒரு வெள்ளிழை மின்னுவதைக் கண்டும் உள்ளம் சோர்வோர் உங்களுள் உண்டு. வகுப்பில் கடைசி வரிசையைத் தேடிச் சென்று அமர்வோரையும், நிழற்படம் எடுக்கும் நாளில் வாராமல் இருந்துவிடுவோரையும் ஆசிரியப் பணியில் நான் பல முறை கண்டதுண்டு. தேர்வைப் பற்றிய கவலையினும் தலையைப் பற்றிய கவலை பெரிதாகிப் படிப்பைக் கெடுத்துக்கொண்டோரும், உணவுக்கென வீட்டார் அனுப்பிய பணத்தை எண்ணெய்ப் புட்டிகளுக்குச் செலவிட்டு ஏமாந்தோரும் உண்டு. இத்துன்பம் அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அரசர்க்கும் நேர்ந்தது, படைத்தலைவர்க்கும் நேர்ந்தது. அவர்கள் என் செய்தனர், எங்கே தவறினர், உண்மை பின்னர் எவ்வாறு புலனாயிற்று என்பவற்றை அறிந்துகொண்டால், நாம் செய்யத்தக்கது யாது என்பது தானே விளங்கும்.

முதலில் எகிப்துக்குச் செல்வோம். கி.மு. 1550-ஐ ஒட்டி எழுதப்பட்ட மருத்துவச் சுவடி ஒன்று ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதனை ஏபர்ஸ் பாப்பிரஸ் என்பர். வழுக்கைக்கு அச்சுவடி கூறும் மருந்துகளுள் ஒன்று, சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, வரையாடு ஆகியவற்றின் கொழுப்பை ஒன்றாகக் கலந்து தலையில் பூசுவது. நரைக்குக் கருநிற மாட்டின் இரத்தத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுமாறு அது கூறுகிறது. கருமையான உயிரின் குருதி கருமையைத் தரும் என்பது அக்கால மருத்துவரின் எண்ணம் போலும். முதலைக்கு ஒரு முடியேனும் இல்லையே, அதன் கொழுப்பு நமக்கு எவ்வாறு முடி தரும் என்று அவர் ஐயுற்றதாகத் தெரியவில்லை. ‘எதைப் பூசலாம்’ என்ற வினாவே அவர் உள்ளத்தில் நின்றது. ‘ஏன் உதிர்கிறது’ என்ற வினா எழவில்லை. பின்வந்த நூற்றாண்டுகள் பலவும் இத்தவற்றையே செய்தன.

உரோம் நாட்டின் பெருந்தலைவர் ஜூலியஸ் சீசர் வழுக்கைத் தலையர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ் என்பார் ஒரு செய்தி கூறுகிறார். பகைவர் செய்த கேலி சீசரின் உள்ளத்தை வருத்திற்றாம். எஞ்சியிருந்த முடியை உச்சியிலிருந்து நெற்றியை நோக்கிச் சீவி அவர் வழுக்கையை மறைத்தார். செனட் சபை அவருக்கு அளித்த சிறப்புகளுள், எந்நாளும் வாகை மாலையைத் தலையில் அணியும் உரிமையையே அவர் மிகவும் விரும்பி ஏற்றாராம். கால் நாட்டை வென்றவர்; ரைன் ஆற்றின்மேல் பாலம் அமைத்துப் படை நடத்தியவர். அத்தகையவரும் கேலிக்கு அஞ்சினார் என்றால், கல்லூரி மாணவன் ஒருவன் அஞ்சுவதில் வியப்பு யாது?

நரையை மறைக்க உரோமானியரும் கிரேக்கரும் ஈயச் சேர்மத்தைச் சுண்ணாம்புடன் குழைத்துத் தலையில் தடவினர். முடியில் இயல்பாகவே கந்தகம் உண்டு. ஈயம் அக்கந்தகத்துடன் கூடிக் கரிய ஈய சல்பைடாக மாறி முடிக்குள்ளேயே தங்கும். இது வேதியியலில் நல்ல பாடம். ஆயினும் உடலுக்கு நல்லதன்று. ஈயம் நஞ்சு என்பதை உலகம் முழுமையாக உணர நெடுங்காலம் சென்றது. அமெரிக்க நாட்டில் முடிச்சாயங்களில் ஈயச் சேர்மம் சேர்ப்பதற்கு இருந்த இசைவைத் திரும்பப் பெறும் முடிவு 2018-இல்தான் எடுக்கப்பட்டது.

நம் நாட்டார் நரையைப் பார்த்த பார்வை சற்று வேறானது. பௌத்த ஜாதகக் கதைகளுள் ஒன்றில் மிதிலை மன்னன் ஒருவன் தன் நாவிதரிடம், ‘என் தலையில் நரை தோன்றும் நாளில் எனக்குச் சொல்’ என்று கட்டளையிடுகிறான். நரை கண்ட நாளில் சொன்னவர்மேல் அவன் சினங்கொள்ளவில்லை. அவருக்கு ஓர் ஊரையே பரிசாக அளித்துவிட்டுத் துறவு மேற்கொள்கிறான். கம்பரும் தயரதனின் காதருகே தோன்றிய நரையை, ஆட்சியை மைந்தனுக்குத் தரும் காலம் வந்தது எனச் சொல்லும் தூதாகவே காட்டுகிறார். முதுமையின் நரை நம்மவர்க்கு இழுக்கன்று, அறிவிப்பு. ஆனால் உரிய காலத்திற்கு முன்னரே வரும் இளநரை அன்றும் கவலைக்குரியதாகவே இருந்தது. ஆகவேதான் நம் மருத்துவ மரபில் நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி, அவுரி, மருதாணி என்பன கூந்தலுக்குரிய மூலிகைகளாக நிலைபெற்றன. இவற்றுள் மருதாணியும் அவுரியும் உண்மையாகவே சாயமேற்ற வல்லவை. மருதாணி மட்டும் இட்டால் முடி செந்நிறம் பெறும். அதன்மேல் அவுரி இலைப் பொடியை இட்டால் கருமை பெறும். இவை நரையை மறைக்குமேயன்றி நரைத்தலை நிறுத்தமாட்டா என்னும் வேறுபாட்டை மட்டும் மறத்தலாகாது.

இனி ஐரோப்பாவின் பொய்ம்முடிக் காலத்தைக் காண்போம். பிரான்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி 1601-இல் பிறந்தவர். இருபத்து மூன்று வயதளவிலேயே முடி உதிர்ந்தமையால் அவர் பொய்ம்முடி அணியத் தொடங்கினார். மன்னர் அணிந்ததை அரசவையினர் அணிந்தனர். அரசவையினர் அணிந்ததை நகரத்தார் அணிந்தனர். அவர் மைந்தர் பதினான்காம் லூயியின் காலத்தில் அது ஐரோப்பா முழுவதும் பரவிற்று. இங்கிலாந்தில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1663-இல் பொய்ம்முடி வாங்கினார். 1665-இல் இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, நோயால் இறந்தவர் தலையிலிருந்து வெட்டிய முடியாயிருக்குமோ என்று மக்கள் அஞ்சுவர். எனவே இவ்வழக்கம் இனி என்னாகுமோ என்று அவர் தம் குறிப்பில் எண்ணிப் பார்க்கிறார். கொள்ளைநோய் நீங்கிற்று, பொய்ம்முடி நீங்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் மற்றொரு புதுமை தோன்றிற்று. பொய்ம்முடியின்மேலும் சொந்த முடியின்மேலும் வெண்ணிற மாப்பொடியைத் தூவிக்கொள்வது நாகரிகமாயிற்று. இருபது வயது இளைஞன் தன் கருங்கூந்தலை வெளுப்பாக்கிக்கொண்டு விருந்துக்குச் சென்றான். இன்று நாம் எதை மறைக்கப் பொருள் செலவிடுகிறோமோ, அதனையே அன்று பொருள் கொடுத்துப் பெற்றனர். 1795-இல் இங்கிலாந்தில் தானியத் தட்டுப்பாடு மிகுந்திருந்தது. போர்ச் செலவும் பெருகிய அவ்வேளையில், தலைப்பொடி பூசுவோர் ஆண்டுக்கு ஒரு கினி வரி செலுத்த வேண்டும் என்று தலைமை அமைச்சர் பிட் சட்டம் கொண்டுவந்தார். வரி வந்தது, வழக்கம் தேய்ந்தது. பயனற்றுப்போன அவ்வரி 1869-இல் நீக்கப்பட்டது. அழகு என்றும் இழுக்கு என்றும் நாம் கருதுவன எத்துணை விரைவில் மாறுகின்றன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தித்தாள் விளம்பரமும் புட்டி மருந்தும் ஒன்றுசேர்ந்தன. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சதர்லாண்டு என்னும் குடும்பத்தில் சகோதரியர் எழுவர் இருந்தனர். தரையைத் தொடும் நீண்ட கூந்தலைக் காட்டி மேடைகளில் பாடினர். பின்னர் அவர்கள் பெயரில் முடி வளர்க்கும் தைலம் ஒன்று விற்கப்பட்டுப் பெருஞ்செல்வம் குவிந்தது. வாங்கியோர் ஒன்றை எண்ணிப் பார்த்தாரில்லை. எழுவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்நீண்ட கூந்தல் பிறப்பால் வந்தது. தைலம் அதற்குப் பின் வந்தது. காரணத்தையும் உடனிகழ்ச்சியையும் பிரித்தறியாத மனம் எளிதில் ஏமாறும். 1920-களில் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியபோது அவ்வாணிகம் சரிந்தது.

சாயத்தின் வரலாறும் இக்காலத்தில் திரும்பியது. 1907-இல் யூஜின் ஷூலர் என்னும் பிரெஞ்சு வேதியியலார் செயற்கை முடிச்சாயம் ஒன்றைச் செய்தார். 1909-இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் ஓரேயால் எனப் பெயர்பெற்றது. இன்று விற்கும் கருஞ்சாயங்கள் பலவற்றில் பாராபினைலீன் டையமின் என்னும் பொருள் உள்ளது. சிலர் உடலுக்கு அது ஒவ்வாது; தலையும் முகமும் வீங்கி அல்லலுறுவர். ஆகவே சாயமிட விரும்புவோர் இரண்டு நாள் முன்னதாகக் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பார்த்தல் வேண்டும். ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரால் விற்பவற்றிலும் இப்பொருள் கலந்திருப்பதுண்டு. உண்மை மருதாணி கறுப்பாகச் சிவப்பதில்லை.

இனி, ‘ஏன் உதிர்கிறது’ என்ற வினாவுக்கு விடை கிடைத்த வரலாற்றைக் கூறுகிறேன். அதன் வித்தை ஊன்றியவர் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ். விதை நீக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்ற குறிப்பு, அவர் பெயரால் வழங்கும் மருத்துவ முதுமொழிகளுள் காணப்படுகிறது. சிறு குறிப்பு அது. ஏறத்தாழ 2300 ஆண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர் அதனை முறையாக ஆராய்ந்தார். பருவமடையும் முன்னரே விதை இழந்தவர்க்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பு நீரை ஊசி வழியாகச் செலுத்தியபோது, வழுக்கையுள்ள குடும்பத்தில் பிறந்தவர்க்கு மட்டும் முடி உதிரலாயிற்று, ஏனையோர்க்கு உதிரவில்லை. ஊசியை நிறுத்தியதும் உதிர்தல் மேலும் பரவாது நின்றது. ஆனால் இழந்த முடி மீளவில்லை. குடிவழியும் சுரப்பு நீரும் சேர்ந்தே ஆண்களின் வழுக்கைக்குக் காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று. எண்ணெய் வைக்காமையும் அன்று, அறிவு மிகுதியும் அன்று, ஒழுக்கக் குறைவும் அன்று.

இதன் அடுத்த படி டொமினிக்கன் குடியரசின் சிற்றூர்களில் கிடைத்தது. அங்குச் சில குடும்பத்து ஆடவர்க்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாயிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு நீரை மேலும் வலிய டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுவது அந்நொதி. அவர்களை ஆராய்ந்த ஜூலியன் இம்பரேட்டோ-மெக்கின்லி என்னும் அம்மையாரின் குழுவினர் 1974-இல் தம் கட்டுரையை வெளியிட்டனர். அவ்வாடவர்க்கு வழுக்கை விழுவதில்லை. புராஸ்டேட் சுரப்பியும் சிறிதாகவே இருந்தது. அந்நொதியைத் தடுக்கும் மருந்தாகப் பினாஸ்டிரைடு உருவாயிற்று. அமெரிக்காவில் 1992-இல் புராஸ்டேட் வீக்கத்திற்கும், 1997-இல் ஆண்களின் வழுக்கைக்கும் அது ஒப்புதல் பெற்றது. மினாக்சிடில் என்னும் மற்றொரு மருந்தின் கதை வேறு. அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக 1979-இல் வந்தது. உட்கொண்டவர் உடலில் எதிர்பாராத இடங்களில் முடி வளர்ந்ததைக் கண்ட மருத்துவர் அதனைத் தலையில் தடவும் நீர்மமாக ஆராய்ந்தனர். 1988-இல் அதற்கும் ஒப்புதல் கிடைத்தது. இவ்விரண்டும் பலர்க்குப் பயன்தரும்; எல்லார்க்கும் தாரா. பயன்படுத்துவதை நிறுத்தினால் கிடைத்த பயனும் சில மாதங்களில் மறையும். பினாஸ்டிரைடுக்குப் பக்க விளைவுகளும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் தாமாக உட்கொள்ளத்தக்கதன்று.

முடியை இடம் மாற்றி நடும் முறையை ஜப்பானிய மருத்துவர் ஒகுடா 1939-இல் எழுதி வைத்தார். உலகப் போர்க் குழப்பத்தில் மேலைநாட்டார் அதனை அறியவில்லை. அமெரிக்க மருத்துவர் நார்மன் ஆரன்ட்ரைக் 1959-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். பிடரியிலிருந்து எடுத்து உச்சியில் நட்ட முடி, பிடரியில் இருந்ததுபோலவே உதிராது வளரும் என்பது அவர் கண்ட உண்மை. இஃது அறுவை மருத்துவம். முடிதிருத்தகத்தில் செய்யும் ஒப்பனையன்று. தகுதி பெறாதார் செய்து உயிருக்கே தீங்கு நேர்ந்ததுண்டு. அதனால் 2022-இல் நம் நாட்டுத் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நரையின் காரணமும் இன்று ஓரளவு தெளிவாகியுள்ளது. முடியின் வேர்ப்பையில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் அணுக்கள் உள்ளன. அவை குறையும்போது முடி வெண்மையாகவே முளைக்கிறது. தோலுக்கு வெளியே நாம் காணும் முடி உயிரற்றது. ஆதலால் வெளியே தடவும் எண்ணெய் அதற்கு மீண்டும் நிறமியை ஊட்டாது. நம்மவரிடையே இருபத்தைந்து வயதுக்கு முன் வருவதை மருத்துவர் இளநரை என்பர். பெரும்பாலும் அது குடிவழி வருவது. சிலர்க்குப் பி12 வைட்டமின் குறைவு, தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, புகைபிடித்தல் ஆகியவற்றோடும் அதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது.

கவலையால் நரை வரும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. 2020-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் எலிகளைக்கொண்டு ஆராய்ந்து, கடுந்துன்பத்தின்போது நரம்புகள் வெளியிடும் நார்அட்ரினலின் நிறமி அணுக்களின் மூல அணுக்களைத் தீர்த்துவிடுவதைக் காட்டினர். எலியில் கண்டதை மனிதர்க்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் கூடாது. எனினும் இதனைப் படிக்கும்போது புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார் நினைவுக்கு வருகிறார். ‘ஆண்டுகள் பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எவ்வாறு?’ என்று சான்றோர் வினவினர். அவர் தைலத்தின் பெயரைச் சொல்லவில்லை. நற்பண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து ஒழுகும் ஏவலர், முறை தவறாது காக்கும் மன்னன், ஊரில் வாழும் அடக்கமுள்ள சான்றோர் ஆகியோரைக் காரணமாகக் காட்டினார். மருத்துவ விடையாக அது நிற்குமோ நில்லாதோ, வாழ்க்கை விடையாக இன்றும் நிற்கிறது.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் கைக்கொள்ளத்தக்கவை சில உள. தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடிகள் உண்டு. நாள்தோறும் ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது இயல்பு. சீப்பை எண்ணி அஞ்ச வேண்டா. கடுங்காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி மிகுதியாக உதிரும். பெரும்பாலும் தானே மீளும். மொட்டையடித்தால் முடி அடர்ந்து வளரும் என்பதும், ஒரு நரையைப் பிடுங்கினால் பல தோன்றும் என்பதும் உண்மையல்ல. வட்டவட்டமாக முடி உதிரும் புழுவெட்டு வேறு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. திடீரெனக் கொத்தாக உதிர்ந்தாலும், தலைத்தோல் சிவந்து செதில் விட்டாலும் தோல் மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது காட்டுங்கள். பருப்பு, கீரை, பால், முட்டை என நல்லுணவு கொள்ளுங்கள், புகையிலையைத் தொடாதீர்கள்.

மற்றொன்று. நம் நாட்டு 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று உண்டு. இன்னின்ன நோய்களைத் தீர்ப்பதாகவோ தடுப்பதாகவோ எந்த மருந்தும் கூறிக்கொள்ளலாகாது என்று அது வரையறுக்கிறது. அதில் வழுக்கையும் இளநரையும் பெயர் சுட்டப்பட்டுள்ளன. அடுத்த முறை ‘முப்பதே நாளில்’ என்று முழங்கும் விளம்பரத்தைக் காணும்போது அந்த அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏபர்ஸ் சுவடியின் முதலைக் கொழுப்பு இன்று வேறு புட்டியில், வேறு பெயரில் வருகிறது, அவ்வளவே.

இறுதியாக, முடி உதிராத மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் நண்பனின் தலையைக் கண்டு நீங்கள் சிரிக்கும் ஒரு சிரிப்பு, அவனை அந்தப் புட்டி விற்பவனிடம் துரத்துகிறது. சீசரை வருத்தியது வழுக்கையன்று, பகைவரின் கேலி. வழுக்கைக்கு முழு மருந்து இன்னும் கிடைக்கவில்லை. கேலியை நிறுத்துவதற்கு மருந்து எதுவும் வேண்டியதில்லை. நீங்கள் மனம் வைத்தால் போதும்.